தலைக்குத் தொப்பி சரி, காலுக்கு என்ன?



இம்முறை இப்பகுதியில் இனிப்புநீரையும் இரத்த அழுத்தத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு செயின்சோவைப் பற்றி எழுதுகிறேன். "மரம் அறுக்கிற மெஷினுக்கும் டிரெசருக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். அறுபட்ட பிறகு என்னைப் போன்றவர்களிடம்தானே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! அதற்கு முன்பாகவே பேசிவிடுவது நல்லது அல்லவா?

மறு நடவுக்காக நிலம் முழுவதையும் அழிக்கும்போது பெரிய வேலையை எக்ஸ்கவேட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் காற்று மழையில் ரப்பர் மரம் முறிந்து சாலையை மறித்தாலும், லயத்துக் கூரைமேல் கிளை சாய்ந்தாலும், கால்வாய் ஓரத்தில் மரம் விழுந்து தண்ணீர் தேங்கினாலும், "ஒரு ஆளை அனுப்பு" என்றுதான் மண்டோருக்கு உத்தரவு வருகிறது. அந்த ஆள் பெரும்பாலும் தினமும் செயின்சோ பிடிப்பவர் அல்ல. மற்ற நாளில் பூச்சிமருந்து அடிப்பவராக, குலை அறுப்பவராக இருப்பார். அவருக்கு ஸ்டோரில் ஒரு தொப்பி, ஒரு ஜோடி நூல் கையுறை கொடுத்து, "பாதுகாப்புச் சாமான் எல்லாம் கொடுத்தாச்சு" என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாம் கொடுத்தாகவில்லை என்பதே என் கருத்து. செயின்சோ அதிகமாகக் கடிக்கும் இடம் கால். அந்தக் காலுக்கு ஒன்றும் கொடுக்காமல் மற்றதை மட்டும் கொடுப்பது, வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு சன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவது போலத்தான்.

அதிலும் குறிப்பாக இடது கால். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா செயின்சோவும் வலது கையால் விசையை அழுத்தும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. நாம் நிற்கும்போது இடது கால் முன்னே இருக்கும். கட்டை அறுந்து முடிந்ததும் மெஷின் தன் பாரத்தினால் 'தொபுக்' என்று கீழே இறங்கும். கை அசந்திருந்தால் அது வந்து நிற்பது இடது தொடையிலோ முழங்காலிலோதான்.

செயின்சோ காயம் பாராங் கத்திக் காயம் போன்றதல்ல. கத்தி வெட்டினால் கோடு போட்டது போல இருக்கும். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துவிடலாம். சங்கிலியின் பல் சதையை வெட்டுவதில்லை, வாரி எடுத்துக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு பட்டை சதையே இருக்காது. சேர்த்துத் தைக்க ஓரத்துக்கு ஓரம் எட்டாது. அதற்குள் சங்கிலி எண்ணெய், மரத்தூள், கால்சட்டைத் துணி எல்லாம் புகுந்திருக்கும். தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்துவிட்டாலோ, சில நிமிடங்களிலேயே ஆள் போய்விடலாம். செம்பனைக் காட்டின் உள்ளேயிருந்து ஆஸ்பத்திரிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

"அதுக்குத்தான் டிரெசர், நான் ரெண்டு ஜீன்ஸ் போட்டுக்கிட்டு போறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தம்பி, நாலு ஜீன்ஸ் போட்டாலும் பிரயோசனமில்லை. முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது மணிக்கு 72 கிலோமீட்டர். பருத்தித் துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

செயின்சோவுக்கென்றே செய்த கால் கவசம் வேறு மாதிரி வேலை செய்கிறது. கடைக்காரர் அதை 'சேப்ஸ்' என்பார். அது இரும்பு போல எதிர்த்து நிற்கும் துணியல்ல. உள்ளே நீளமான, உறுதியான செயற்கை நூல்கள் பல அடுக்காக, தைத்து இறுக்காமல் தளர்வாக வைக்கப்பட்டிருக்கும். சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் அந்த நூல்களை வெளியே இழுக்கும். நூல் போய் சங்கிலியை ஓட்டுகிற பல்சக்கரத்தில் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். கண் இமைப்பதற்குள் சங்கிலி நின்றுவிடும். கவசம் நாசமாகிவிடும், கால் பிழைத்துக்கொள்ளும். தையல் மெஷினில் நூல் சிக்கினால் சக்கரம் எப்படி இறுகி நின்றுபோகிறது என்று தாய்மார்களுக்குத் தெரியும், ஏறக்குறைய அதே கதைதான். ஒன்று கவனியுங்கள்: மின்சாரத்தில் ஓடும் மெஷின் சிக்கினாலும் விடாமல் இழுக்கும் தன்மை உடையது, ஆகவே அதற்கு இந்தக் கவசத்தை முழுக்க நம்பிவிட வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? உள்பக்கம் தைத்திருக்கும் அடையாளத் துணியில் செயின்சோ படம் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 11393 என்ற எண் இருக்கும். பழைய சரக்கானால் இ.என். 381 என்று இருக்கும். அத்துடன் வகுப்பு போட்டிருப்பார்கள்: வகுப்பு 1 என்றால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வைத்துச் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. உங்கள் மெஷினின் சங்கிலி வேகத்தை அதன் கைப்புத்தகத்தில் பார்த்து, அதற்குக் குறையாததைக் கேளுங்கள். படமும் இல்லை, எண்ணும் இல்லை என்றால், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது வெறும் துணிதான்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நிர்வாகத்தோடும் வழக்கு, தொழிலாளர்களோடும் வழக்கு. கவசம் வாங்கிக் கொடுத்த தோட்டங்களிலும் அது ஸ்டோர் ஆணியில் தொங்குகிறது. காரணம் கேட்டால், "புழுங்குது டிரெசர், அரை மணி நேரம் நிக்க முடியல." அவர்கள் சொல்வது பொய்யல்ல. குளிர் தேசத்தில் போடுவதற்கென்று செய்த, காலைச் சுற்றிலும் மூடிய தடித்த கால்சட்டையை வாங்கி வந்து, 32, 33 டிகிரி வெயிலில் போடு என்றால் யாரால் முடியும்? மயக்கம் வந்து கையில் ஓடுகிற மெஷினோடு விழுந்தால், கவசமே காயத்துக்குக் காரணமாகிவிடும்.

இந்தக் கவசத்தில் வகை உண்டு. 'ஏ' வகை காலின் முன்பக்கத்தை மட்டும் மூடும். பின்பக்கம் திறந்து, வாரினால் கட்டிக்கொள்வது இந்த வகையில் கிடைக்கிறது. 'சி' வகை சுற்றிலும் மூடுவது. மரத்தின்மேல் ஏறி அறுப்பவருக்குச் சுற்றிலும் மூடியதே ஏற்றது. தரையில் நின்று முறையாக அறுப்பவருக்கு முன்பக்கம் மூடுவது போதும் என்றுதான் மேல்நாட்டு வனத்துறை வேலைகளிலேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே பின்பக்கம் திறந்த, வாரில் கட்டுகிற கவசத்தையே நம் தோட்டங்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். மெல்லிய முழுக்கால்சட்டைமேல் கட்டலாம். ஓய்வு நேரத்தில் ஒரு நிமிடத்தில் கழற்றி வைத்துக் காற்றாட உட்காரலாம். ஆணியில் தொங்கும் உயர்ந்த சரக்கைவிட, காலில் கட்டியிருக்கும் இதுவே மேல். கூடவே, செயின்சோ வேலையை பெரட்டு முடிந்த கையோடு தொடங்கி பத்து, பத்தரைக்குள் முடித்துவிடும்படி நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேலையிடத்திலேயே இருக்க வேண்டும், லாரியில் அல்ல.

அளவு முக்கியம். எல்லாருக்கும் ஒரே அளவு என்று வாங்கிப் போடுகிறார்கள். நீளம் கூடினால் கால் தடுக்கும். குறைந்தால் முழங்காலுக்குக் கீழே வெறுங்காலாக நிற்கும். அரையிலிருந்து காலணியின் மேல்வரை மூட வேண்டும். வார் தளர்ந்தால் கவசம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், அப்போது இருந்தும் இல்லாதது போலத்தான்.

காலுக்கு அடுத்தது காது என்பேன். இதில் இரத்தம் வராததால் யாரும் கவலைப்படுவதில்லை. 2019-ம் ஆண்டின் சத்தம் பற்றிய விதிகளின்படி, ஒரு நாளின் 8 மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பெட்ரோல் செயின்சோ முழு விசையில் 100-ஐத் தாண்டித்தான் கத்துகிறது. வீட்டில் தொலைக்காட்சியை அலறவிட்டுக் கேட்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மனைவிமார் என்னிடம் குறை சொல்லும் ஆட்களில் சிலருக்குப் பிடிவாதம் காரணமல்ல, காது போயிருக்கிறது. போன காதைத் திருப்பிக் கொடுக்க மருந்து கிடையாது. "காதை மூடிக்கிட்டா பக்கத்து ஆளு கத்துறது கேக்காதே" என்பார்கள். மெஷின் ஓடும்போது மூடாவிட்டாலும் கேட்காது ஐயா! முன்கூட்டியே கைச்சாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள். மரம் சாய்க்கும்போது அடுத்த ஆள் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும்.

காதுக்கவசமும் முகத்துக்குக் கம்பிவலையும் சேர்ந்தே வரும் தொப்பி கிடைக்கிறது, அதையே கேளுங்கள். வலை பெரிய சிராயைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. ஆகவே உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். பாசார் மாலாமில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. வெயிலில் கிடந்து வெளுத்த தொப்பி நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். உள்ளே செய்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும், பாருங்கள். ரப்பர் மரத்தின் காய்ந்த கிளை சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

பாதத்துக்கு நாம் எல்லாரும் போடும் 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் சப்பாத்து, வழுக்காது, விலையும் மலிவு. குலை அறுக்கப் போட்டுக்கொள்ளுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். செயின்சோவுக்கு அது கூடாது. விரலுக்கு இரும்பு மூடியும், செயின்சோ படமும் போட்ட பூட்ஸ்தான் வேண்டும்.

இத்தனைக்கும் காசு யார் கொடுப்பது? நிர்வாகம்தான். 1994-ம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: அச்சட்டப்படி கொடுக்க வேண்டியவற்றுக்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பிடிக்கக்கூடாது. சம்பளத்தில் பிடித்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். அதே சட்டம் கொடுத்ததை அணிய வேண்டும் என்று நம்மையும் கட்டாயப்படுத்துகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. 2024 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணம் இருந்து, தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். 'மாட்டேன்' என்று மட்டும் சொல்லாமல், காரணத்தை மண்டோரிடமும் மானேஜரிடமும் முறையாகச் சொல்லுங்கள். தொழிற்சங்கக் கமிட்டி ஆளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கால் கவசம் சில நூறு வெள்ளி ஆகும். ஒரு ஆள் மாதக்கணக்கில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தால் ஆகும் செலவை மானேஜரே கணக்குப் பார்க்கட்டும். சொக்சோ தற்காலிக ஊனத்துக்குக் கொடுப்பது தினக்கூலியில் 80 விழுக்காடு. மீதி 20-ஐ வீட்டுக்காரிதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

மரத்துக்கு இவ்வளவு என்று பேசி காண்டிராக்டில் அறுக்கும் சகோதரர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவசரத்தில் கவசம் கட்டுவதில்லை. பலருக்குச் சொக்சோவும் இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துகொண்டு, கவசத்தின் விலையையும் மரத்தின் கூலியோடு சேர்த்துப் பேசுங்கள்.

எல்லாம் அணிந்தும் காயம்பட்டுவிட்டால், சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், புகையிலை எதையும் அப்ப வேண்டாம். கட்டு போடும் பெரிய பொட்டலம் ஒன்று, அறுப்பவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. கவசத்தில் எண்ணெய் ஊறினால் நூல்கள் ஒட்டிக்கொண்டு இழுபடாமல் போகும். ஆகவே துவைக்கத்தான் வேண்டும். சாதாரணச் சவர்க்காரம் போதும். குளோராக்ஸ் ஊற்றாதீர்கள், நூல் பலமிழந்துவிடும். இஸ்திரி போடாதீர்கள். கிழிந்திருந்தால், வீணாகப் போகிறதே என்று நல்ல மனதோடு ஊசியெடுத்துத் தைத்துவிடாதீர்கள். உள்நூலோடு சேர்த்துத் தைத்தால் அது சங்கிலியில் சுற்றாது. உள்நூல் வெளியே தெரிந்தால் அதை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்து வேறு கேட்க வேண்டியதுதான்.

செயின்சோ பிடிப்பவர்கள் அந்தந்தத் தோட்டத்து எச்.ஏ.யிடம் போய் இடுப்பளவும் கால் நீளமும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுப் பட்டியலைக் கமிட்டி மூலம் நிர்வாகத்துக்குக் கொடுத்தால், 'எந்த அளவு வாங்குவது என்று தெரியவில்லை' என்ற சாக்கு இருக்காது. அளவு நாடா எல்லாக் கிளினிக்கிலும் இருக்கிறது, அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.