தெருவுக்கு ஒரு கார்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து, ஆலய வளாகத்து வேப்பமர நிழலில் நம் வயதை ஒத்த நால்வருடன் உரையாடிக்கொண்டிருந்தோம். எதிரே, இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, புதுப்புதுக் கார்கள் நின்றன. பேச்சு தானாகவே நம் இளமைக் காலத்துக் கார்களின்பால் திரும்பிற்று. ஒருவர் தாம் ஓட்டிய ஃபியட்டைப் புகழ்ந்தார். மற்றொருவர் அம்பாசடருக்கு நிகர் அம்பாசடரே என்று சாதித்தார். மூன்றாமவர், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்புறம் முழுவதும் பெட்டி மூடியைப்போலத் திறந்துகொள்ளும் அழகைக் கையை விரித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டே இருந்தபோது ஒன்று நம் கருத்தில் பட்டது. கார் என்று தொடங்கிய ஒவ்வொரு கதையும், அதில் ஏறியவர்களைப் பற்றிய கதையாகவே முடிந்தது.

வாசக நேயர்களே, கார்களின் நினைவைப் பேசுவதற்கு நம் வடசென்னையைவிடத் தகுதியான இடம் அதிகமில்லை. துறைமுகம் அமைவதற்கு முன்னர், அலையைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் சுமந்தவை மசூலாப் படகுகள். ராயபுரம் என்ற பெயரும், செம்படவரான புனித இராயப்பரை நினைந்து வழங்குவதே. சுமந்து செல்லுதல் நம் ஊருக்குப் பழகிய தொழில். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-ல், விடுதலைப் போராட்ட வீரரான இரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் கார்கள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. எண்ணூர்த் தொழிற்சாலையில் நம் மக்கள் அவற்றை ஒன்றுசேர்த்துப் பூட்டினார்கள். 1949-ல் முதல் ஆஸ்டின் ஏ-40 அங்கிருந்து வெளிவந்தது. அதன் எஞ்சின் 1,200 சி.சி.; ஏறத்தாழ 40 குதிரைத்திறன். பெயரிலுள்ள நாற்பது அதனைக் குறிப்பதே. இன்றைய இளைஞர் சிலர் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கே அவ்வளவு திறன் உண்டு! ஆயினும், கடலோரத்து மணற்பாதையையே அறிந்திருந்த எண்ணூரில் ஒரு கார் உருவாகி வெளிவந்தது அன்று சிறிய செய்தியன்று.

அக்கார்களின் காலம் நீடிக்கவில்லை. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினால் மட்டும் போதாது, அவற்றை இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்ற கொள்கையை அரசு 1953-ல் உறுதியாக்கிற்று. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற அயல்நாட்டு நிறுவனங்கள் அப்போது இந்தியாவைவிட்டு வெளியேறின. எண்ணூர் நிறுவனமோ அதற்கு முன்பே லேலண்டு லாரிகளின் பக்கம் திரும்பியிருந்தது. 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில், மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாகலாயின. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர்ப் புல்லட் நிற்கவில்லை. 1977 முதல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று.

ஆனால், தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் அந்த லாரிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் உருவாக்கிய கைகள் பற்றியதெல்லாம் சைக்கிளின் கைப்பிடியைத்தான். மாலையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுவதும் சைக்கிள் மணியோசை கேட்கும். கார் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பல தெருக்களில் அந்த ஒருவரும் இல்லை. புதுக் கார் வேண்டுமென்று பணம் கட்டியவர்களும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது.

ராயபுரத்தில் நாம் வளர்ந்த தெருவில் அந்த ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். மூவர் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்த பழைய ஆஸ்டின் ஏ-40 ஒன்று அவருக்கு உண்டு. 'இது நம்ம எண்ணூர்லே பூட்டின வண்டி' என்று சொந்தப் பிள்ளையின் பிறந்த ஊரைச் சொல்வதுபோலப் பெருமையுடன் சொல்வார். உப்புக் காற்றுக்கு அஞ்சி, நாள்தோறும் காலையில் அதனைத் துணியால் துடைப்பார். அப்படியும் கதவின் அடிப்பகுதியைத் துரு அரித்துக்கொண்டே வந்தது. குளிர்ந்த காலை வேளைகளில் ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் அவ்வண்டி எளிதில் உயிர்பெறாது. அப்போது அவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்து, 'என்ன தம்பிகளா, ஒரு கை கொடுக்கலாமா?' என்பார். அடுத்த நிமிடம் தெருவிலுள்ள சிறுவர் அனைவரும் வண்டியின் பின்னால் இருப்போம். நாம் அந்தக் காரில் அமர்ந்து சென்ற தூரத்தைவிட அதைத் தள்ளிச் சென்ற தூரமே அதிகம் என்று கூறினால் மிகையாகாது.

பெரியவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மணமக்களை ஆலயத்துக்கு அழைத்துச் செல்லப் பெட்ரோலுக்கான காசைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மருத்துவமனைக்குச் செல்வதற்கு ஒரு காசும் வாங்கமாட்டார். 1973-ல் மேற்கு ஆசியப் போரினால் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, வண்டி பெரும்பாலும் தார்ப்பாயின் கீழேயே கிடந்தது. அப்போதும் தொட்டியில் சிறிது பெட்ரோல் எப்போதும் இருக்கும். 'அது என்னுடையதல்ல, இந்தத் தெருவினுடையது' என்பார்.

1962-ஆம் ஆண்டில் ஓர் இரவு, நம் அன்னைக்குப் பிரசவ வலி கண்டது. தந்தையார் பெரியவரின் கதவைத் தட்டி முடிப்பதற்குள் உள்ளே விளக்கு எரிந்துவிட்டது. வழக்கம்போல் ஆஸ்டின் அசைய மறுத்தது. நாமும், தந்தையாரும், சத்தம் கேட்டு எழுந்துவந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் இருட்டில் தெரு முனைவரை தள்ளினோம். அங்கே எஞ்சின் ஒருமுறை இருமி, பின்னர் முழங்கிற்று. காரின் சிவப்பு விளக்கு கல்மண்டபத்துப் பக்கம் திரும்பி மறையும்வரை வெறுங்காலுடன் தெருவில் நின்றோம். விடியுமுன் தங்கை பிறந்தாள் என்ற செய்தி வந்தது. அவளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்நாட்களில் கார் வாங்கியவர் முதலில் செல்லும் இடம் ஆலயமே. பங்குக்குரு தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிப்பார். புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தை ஸ்டியரிங்குக்கு அருகே பொருத்திக்கொள்வார்கள். 1969-ல் திருச்சபை நாட்காட்டி சீர்திருத்தப்பட்டபோது அவரது திருநாள் பொதுநாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதேயன்றி, அவர்பால் கொண்ட பக்தி தடை செய்யப்படவில்லை. வழிப்போக்கர்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பித்தவர் என்றே மரபு அவரைப் போற்றுகிறது. ஓட்டுநர்களின் பாதுகாவலர், பிறரைச் சுமந்தவர்! வாகனங்களை மந்திரிக்கும் பழைய இலத்தீன் செபத்திலும் இதையொத்த ஒரு குறிப்பு உண்டு. தேரில் அமர்ந்து மறைநூலை வாசித்துக்கொண்டு சென்ற எத்தியோப்பிய அதிகாரிக்குத் திருத்தொண்டர் பிலிப்பு வழியாக ஆண்டவர் அருளிய விசுவாசத்தை அச்செபம் நினைவுகூர்கிறது. அந்த அதிகாரி செய்தது என்ன? சாலையில் நடந்துவந்த முன்பின் அறியாத ஒருவரைத் தம் தேரில் ஏறி அருகில் அமருமாறு வேண்டினார். அவ்வழியாகவே அவருக்கு மீட்பு வந்து சேர்ந்தது.

இனி, எழுத மனம் கூசும் ஒன்றையும் எழுதியே ஆகவேண்டும். பல ஆண்டுகள் சிக்கனம் பிடித்து நாமும் ஒரு பழைய பிரீமியர் பத்மினியை வாங்கினோம். 1987-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அடைமழை பெய்த ஓர் இரவில் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த தொழிலாளி. பகலெல்லாம் வாகனங்களுக்கு எஞ்சின் பூட்டுபவர். அவரது வீட்டில் இருந்ததோ ஒரு சைக்கிள். 'அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் வண்டியை எடுக்க முடியுமா?' என்றார். தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. முந்தின வாரந்தான் இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருந்தோம். 'பிரேக் சரியில்லை, தம்பி' என்ற சொல் நம் வாயிலிருந்து வெளிவந்தது. பிரேக் சரியாகவே இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை அசைத்துவிட்டு மழையில் இறங்கினார். சற்று நேரத்தில், தாயாரைச் சைக்கிள் ரிக்சாவில் வைத்துத் தார்ப்பாயால் போர்த்தி அவர் தள்ளிச் செல்வதைச் சன்னல் வழியாகக் கண்டோம். இறையருளால் அந்த அம்மையார் பிழைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். வழியில் கண்டால் நம்மிடம் அன்புடனேயே பேசுவார். ஆனால் அவருடைய மகன் மீண்டும் ஒருமுறைகூட நம் கதவைத் தட்டவில்லை.

சில வாரங்கள் சென்று, ஆலய வாசலில் ஆஸ்டின் பெரியவரைக் கண்டோம். அவரது வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவர் கைத்தடியுடன் நடந்து வந்திருந்தார். நம்மை உற்றுப் பார்த்து, 'பிரேக் சரியாயிற்றா, தம்பி?' என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றோம். பாவமன்னிப்பு கிடைத்தது. அந்தக் கேள்வியோ இன்றளவும் நம்மை விட்டபாடில்லை.

அதன்பின் காலம் வெகுவாக மாறிவிட்டது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களுக்கும் கார் கனவைத் திறந்துவிட்டது. அம்பாசடரின் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. பெட்டிகளில் பிரிந்து வந்த கார்களை ஒருகாலத்தில் பூட்டிய எண்ணூரில், 2001-ல் புதிய துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று. 2010 முதல் நம் மாநிலத்தில் செய்த கார்கள் அங்கிருந்து கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. பெருமைப்பட வேண்டியதே. பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று கார் வைத்திருப்பதும் மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஐவர் அமரக்கூடிய வண்டியில் ஒருவர் மட்டும் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஞாயிறு திருப்பலிக்கு வருகிறோம். அதே தெருவில், முழங்கால் வலியினால் ஆலயத்துக்கு வர இயலாத பாட்டி ஒருவர் வானொலியில் பாடல் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். தள்ளிவிட வேண்டிய அவசியமில்லாத வண்டி, பக்கத்து வீட்டாரின் அவசியத்தையே மறக்கச் செய்துவிட்டதோ? 1964 டிசம்பரில், பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் பயன்படுத்திய விலையுயர்ந்த வெள்ளைக் காரை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னையோ அதைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தி, திரட்டிய பணத்தைத் தொழுநோயாளரின் மறுவாழ்வுக்குப் பயன்படுத்தினார். நாம் காரை விற்றுவிட வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் போதும்.

லூக்கா நற்செய்தியில் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனைத் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றிக்கொண்டு சத்திரத்துக்குச் சென்றான் என்று படிக்கிறோம். அவனிடம் வேறு வாகனம் இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. ஆகவே, எஞ்சிய வழியை அவன் நடந்தே கடந்திருப்பான். புழுதியில், ஒரு கையால் அந்த விலங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காயமுற்றவனைத் தாங்கிக்கொண்டு.

ராயபுரத்துத் தெருவில் இருட்டில் ஓர் ஆஸ்டினைத் தள்ளிய கைகள் நம் நினைவுக்கு வருகின்றன. இன்றிரவு எவரேனும் நம் கதவைத் தட்டினால், தட்டி முடிப்பதற்குள் உள்ளே விளக்கு எரியட்டும்.