உண்டியலில் விழும் காசும் எழ வேண்டிய கேள்வியும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2ஆம் நாளை ஒட்டி நாடு முழுவதும் பள்ளிகளில் ஒரே விதமான நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. மாணவர்கள் துடைப்பம் ஏந்தித் தெருவைக் கூட்டுகிறார்கள். வகுப்புதோறும் உண்டியல் சுற்றி வருகிறது. அரிசியும் பருப்பும் பழைய துணிகளும் திரட்டப்பட்டு முதியோர் இல்லங்களுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் கொண்டு செல்லப்படுகின்றன. காசநோய் ஒழிப்புக்கான வில்லைகள் மாணவர் கையில் கொடுத்து விற்கப்படுகின்றன. டிசம்பர் 7 வந்தால் கொடிநாள் வசூல். 2009 முதல் அக்டோபர் முதல் வாரம் ‘தான் உத்சவ்’ எனும் கொடுத்தல் விழாவாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது.

இவற்றின் நோக்கம் இளம் உள்ளங்களில் கருணையை விதைப்பது என்று சொல்லப்படுகிறது. அந்த நோக்கத்தை எள்ளி நகையாடுவது இடதுசாரிகளின் வேலை அல்ல. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மிதிவண்டி வாங்குவதற்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணம் முழுவதையும் தமிழகத்துச் சிறுமி ஒருவர் நிவாரணத்திற்கு அனுப்பினார். முகம் தெரியாத மக்களின் துயரத்தைத் தன் துயரமாக உணர்ந்த அந்தப் பிஞ்சு மனம் போற்றத்தக்கது. பிறர் வலியைக் கண்டு துடிக்காத எவரும் எந்தக் காலத்திலும் கம்யூனிஸ்ட் ஆனதில்லை.

ஆயினும், அந்தத் துடிப்பை நமது கல்வி அமைப்பு எந்தத் திசையில் வளர்க்கிறது என்று கேட்டாக வேண்டும். கொடுப்பதைக் கற்பிக்கும் பள்ளி, ஒரு பகுதி மக்கள் ஏன் எப்போதும் பெறும் இடத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் கற்பிக்கிறதா?

எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

சேவையைக் கல்வியின் அங்கமாக்கும் சிந்தனைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1937இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டம் உடலுழைப்பைப் பாடத்தின் மையத்தில் வைத்தது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, உழைப்பு அனுபவமும் சமூகப் பணியும் எல்லா மட்டங்களிலும் இடம்பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. 2018இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ‘சேவா’ என்ற பெயரில் சமூகப் பணியைக் கட்டாயமாக்கியது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சமூகப் பணியைப் பரிந்துரைத்த அதே கோத்தாரி குழு, பொதுப்பள்ளி முறையையும் பரிந்துரைத்தது. ஆலை முதலாளியின் பிள்ளையும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் தங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஒரே பள்ளியில் ஒரே இருக்கையில் அமர்ந்து படிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அக்குழு கூறியது. அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆளும் வர்க்கங்கள் சேவையை எடுத்துக்கொண்டன; பொதுப்பள்ளியையும் 6 சதவீதத்தையும் விட்டுவிட்டன.

இந்தத் தேர்வு தற்செயலானதன்று. சமத்துவம் செலவு பிடிக்கும். சொத்துடைமையின் மீது கை வைக்கும். கருணைக்கு ஓர் உண்டியல் போதும்.

சனிக்கிழமைச் சேவையும் திங்கட்கிழமைக் கதவும்

பெருநகரங்களின் உயர்கட்டணப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமையன்று அப்பள்ளி மாணவர்கள் அருகிலுள்ள குடிசைப் பகுதிக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் இனிப்பும் வழங்குகிறார்கள். நிழற்படங்கள் எடுக்கப்பட்டுப் பள்ளியின் விளம்பர ஏட்டில் இடம்பெறுகின்றன. சேவை நேரம் கணக்கிடப்பட்டுச் சான்றிதழாகிறது. பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் அந்தச் சான்று அயல்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்திற்கு அணி சேர்க்கிறது. பிறர் வறுமை இங்கே தன் முன்னேற்றத்திற்கான மூலதனமாகிவிடுகிறது.

திங்கட்கிழமை அதே குடிசைப் பகுதியின் தாய் ஒருவர் தன் பிள்ளைக்கு இடம் கேட்டு அப்பள்ளியின் வாயிலுக்கு வந்தால் என்ன நேரும்? கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவை தனியார் பள்ளி நிர்வாகங்களே. 2012 ஏப்ரலில் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் இவ்விடங்கள் முழுமையாக நிரப்பப்படுவதில்லை. பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட பின் சீருடை, வாகனம், சுற்றுலா என்ற பெயர்களில் கட்டணம் கேட்டு விரட்டும் பள்ளிகளும் உண்டு. இனிப்பு வாங்கும் கையாக வரவேற்கப்படும் குழந்தை, சக மாணவராக வர முற்பட்டால் கதவு சாத்தப்படுகிறது. இதைக் காணும் மாணவர் கற்றுக்கொள்வது கருணையா, படிநிலையா?

துடைப்பத்திற்கும் இதே கதைதான். ஒரு மணி நேரம் கையுறை அணிந்து தெருவைக் கூட்டும் மாணவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. அன்றாடம் அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்குக் கையுறை கிடைப்பதே அரிது. அவர் ஏன் பெரும்பாலும் குறிப்பிட்ட சாதிகளிலிருந்தே வருகிறார்? மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் மீண்டும் இயற்றப்பட்ட பின்னும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிர்கள் ஏன் பறிபோகின்றன? இக்கேள்விகள் எழாத தூய்மைப் பணி, சாதியின் மீது ஒரு சிறு துரும்பையும் அசைக்காது.

அரசுப் பள்ளிகளிலும் வேறொரு வடிவில் இச்சிக்கல் உள்ளது. வில்லைகளுக்கும் கொடிநாளுக்கும் வசூல் இலக்கு மேலிருந்து வருகிறது. தலைமையாசிரியர் அதை வகுப்புகளுக்குப் பங்கிடுகிறார். கொண்டுவர இயலாத பிள்ளை வகுப்பின் முன் தலைகுனிந்து நிற்கிறது. தன் வீட்டில் அடுப்பு எரியாத குழந்தையைப் பிறருக்குக் கொடுக்கவில்லை என்று வெட்கப்பட வைப்பது எந்த அறக்கல்வியிலும் சேராது.

பின்வாங்கும் அரசு

இந்தச் சேவைப் பண்பாடு இன்று ஒன்றிய அரசின் கொள்கையோடு பொருந்திப் போவதையும் நாம் காண வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட காசநோய் இல்லா இந்தியா இயக்கத்தின் கீழ், தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் ‘தத்தெடுத்து’ ஊட்டச்சத்துப் பொட்டலம் வழங்குமாறு அழைக்கப்படுகிறார்கள். காசநோய் வறுமையின் நோய். சத்தற்ற உடலையும் காற்றோட்டமற்ற குடியிருப்பையும் அது தேடிச் செல்கிறது. நோயாளிக்கு அரசு நேரடியாக வழங்கும் ஊட்டச்சத்து உதவி 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பரில்தான் 1000 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்குச் சுமார் 33 ரூபாய். எஞ்சியது நன்கொடையாளரின் பெருந்தன்மைக்கு விடப்படுகிறது.

அரசுப் பள்ளிகளின் தேவைகளைத் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் நிறைவேற்ற ‘வித்யாஞ்சலி’ திட்டம் உள்ளது. மதிய உணவில் கொடையாளர்கள் சிறப்பு உணவு வழங்க ‘திதி போஜன்’ உள்ளது. அதே மதிய உணவைச் சமைக்கும் பெண்களுக்கு ஒன்றியத் திட்டம் நிர்ணயித்த மதிப்பூதியமோ 2009 முதல் மாதம் 1000 ரூபாய்தான், அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்கு மட்டும். உரிமையாக வர வேண்டியவை கொடையாக உருமாறுகின்றன. உரிமையைப் பெறுபவர் தலைநிமிர்ந்து கேட்கலாம்; கொடையைப் பெறுபவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியது. பள்ளிச் சிறுவர்கள் உண்டியல்களை உடைத்துக் கொடுத்தார்கள். ஒன்றிய அரசு 2025 பிப்ரவரியில் 529.50 கோடி ரூபாயைக் கடனாகக் கொடுத்தது. அதையும் மார்ச் 31க்குள் பயன்படுத்த வேண்டும் என நிபந்தனை விதித்தது. ஓராண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே, மாநிலம் கேட்டதில் ஒரு சிறு பகுதி மானியமாக ஒப்புதல் பெற்றது. தன் சேமிப்பைத் திரும்பக் கேட்காமல் கொடுத்த சிறுவர், நாட்டின் கருவூலம் ஏன் அப்படிக் கொடுக்கவில்லை என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பள்ளியில் இடம் இருக்க வேண்டும்.

வலியிலிருந்து சட்டம் வரை

கருணையும் கேள்வியும் இணைந்து வளர முடியும் என்பதற்குக் கேரளத்தின் வலிதணிப்புச் சிகிச்சை இயக்கம் சான்று. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்த முயற்சி, மருத்துவமனையின் சுவர்களைத் தாண்டி அண்டைவீட்டார் அமைப்புகளாகப் பரவியது. மாணவர்களும் தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் உள்ளவர்களின் வீடுகளுக்குச் செவிலியருடன் சென்று வருகிறார்கள்.

இங்கே நிழற்படத்திற்கான ஒருநாள் வருகை இல்லை. நோயாளி அதே ஊர்க்காரர். பெயர் சொல்லி அழைக்கத்தக்க அண்டை வீட்டுத் தாத்தா, பாட்டி. புண்ணுக்கு மருந்திடுவது, பேச்சுத்துணையாக இருப்பது, அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமல் பார்ப்பது என உறவு தொடர்கிறது. மேலும், 2008இல் கேரள அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் திட்டநிதியில் வீடுசார் சிகிச்சையை நடத்தும் பொறுப்பை ஏற்றன. மக்களின் கருணை அரசின் கடமையை விலக்கவில்லை, அதைக் கட்டாயமாக்கியது.

புற்றுநோயாளியின் படுக்கை அருகே அமரும் மாணவர், இந்த வலிக்கு மருந்து இல்லையா என்று கேட்கிறார். மருந்து உண்டு, மார்ஃபின். அது அபினிலிருந்து எடுக்கப்படுகிறது. மருத்துவத் தேவைக்காக அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. எனினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால், நம் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மருந்து எட்டாக்கனியாகவே இருந்தது. மருத்துவர்களும் தொண்டர்களும் பல ஆண்டுகள் போராடிய பின், 2014இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. ஒரு மனிதரின் முனகலில் தொடங்கி ஒரு சட்டத்தின் திருத்தம் வரை நீண்ட பாதை இது. பள்ளிகள் கற்பிக்க வேண்டிய கருணை இந்தப் பாதையில் நடப்பதாகும்.

நமது மரபு

நிதி திரட்டுவது நமக்குப் புதியதன்று. 1943இல் வங்கப் பஞ்சம் ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைக் காவுகொண்டபோது, அனைத்திந்திய மாணவர் பெருமன்றத்தின் இளைஞர்கள் கஞ்சித் தொட்டிகளை நடத்தினார்கள். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று பாடியும் நடித்தும் நிதி சேர்த்தார்கள். அவர்கள் கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. பதுக்கல்காரர்களையும் ஏகாதிபத்தியத்தின் போர்க்கொள்கையையும் மக்கள் முன் நிறுத்தினார்கள். ஓவியர் சித்தபிரசாத், மேதினிப்பூரின் பட்டினியை வரைந்து ‘பசித்த வங்கம்’ என்னும் சிறுநூலாக வெளியிட்டார். ஆங்கிலேய அரசு அதன் படிகளைப் பறித்து எரித்தது. நிவாரணப் பொட்டலத்தைக் கண்டு அஞ்சாத அரசு அந்தச் சிறுநூலைக் கண்டு அஞ்சியது. அதில் இருந்த கேள்வியே அதற்குக் காரணம்.

சிறாரையும் நம் முன்னோர் மறக்கவில்லை. 1938 டிசம்பர் 28 அன்று கல்லியாசேரியில் பாலசங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் பின்னாளில் கேரள முதல்வரான இ.கே.நாயனார். வங்கத்தில் கிஷோர் பாஹினி என்னும் சிறார் அமைப்பைக் கட்டுவதில் முன்னின்ற இளங்கவிஞர் சுகந்த பட்டாச்சார்யா, 1944இல் பஞ்சம் குறித்த கவிதைகளைத் தொகுத்து ‘ஆகால்’ என்ற நூலாக்கினார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. சிறாருக்குப் பசியின் காரணம் புரியாது என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

நம் தோழர்களில் பலர் ஆசிரியர்கள். இன்னும் பலர் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் குழுக்களில் நாம் பங்கேற்பதே முதல் பணி. பள்ளியில் எந்தச் சேவைத் திட்டம் நடந்தாலும் சில கேள்விகளை அங்கே முன்வைக்கலாம். வசூலில் கட்டாயமும் இலக்கும் உண்டா? பெறுபவரின் கண்ணியம் காக்கப்படுகிறதா, அவர் இசைவின்றிப் படம் எடுக்கப்படுகிறதா? பணி ஒருநாளோடு முடிகிறதா, தொடர்கிறதா? இந்தத் தேவையை நிறைவேற்றக் கடமைப்பட்ட அரசு அமைப்பு எது, அதற்கு மாணவர்கள் கடிதமேனும் எழுதினார்களா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. முதியோர் இல்லத்துக்குப் போய்வந்த மாணவர்கள் முதியோர் ஓய்வூதியத்தின் அளவைத் தெரிந்துகொள்ளட்டும். தெருவைக் கூட்டியவர்கள் அத்தெருவின் தூய்மைப் பணியாளரை வகுப்புக்கு அழைத்து அவர் வேலையையும் ஊதியத்தையும் பற்றிப் பேசச் சொல்லட்டும். இதற்குப் பெரும் செலவில்லை. ஆசிரியரின் துணிவும் பெற்றோரின் ஆதரவும் தேவை. அந்த ஆதரவைத் திரட்டுவது நம் பொறுப்பு.

அத்துடன் பொதுப்பள்ளிக்கான போராட்டத்தை விட்டுவிடலாகாது. மீனவர் பிள்ளையும் மருத்துவர் பிள்ளையும் பகலுணவைப் பகிர்ந்து உண்ணும் வகுப்பறையில் கருணைக்கெனத் தனிப் பாடவேளை தேவைப்படாது. தோழமை அங்கே அன்றாட வாழ்வாகிவிடும். உண்டியலில் காசு போடும் குழந்தையின் கையை நாம் ஒருபோதும் தடுக்க வேண்டாம். அந்தக் குழந்தை ‘ஏன்?’ என்று கேட்கும்போது, விடையைத் தேட உடன் நிற்போம்.