பட்டறைக் குறிப்பு – 3: கத்திக்குப் பதம்

போன தடவை 2.5 மி.மீ. தகட்டை வெட்டி, அராவி, காய் நறுக்குற சின்னக் கத்தியா வடிவம் கொடுத்தாச்சு. பார்க்க கத்தி மாதிரியேதான் இருக்கும். ஆனா ரெண்டு வெங்காயம் நறுக்கினா கூர் மழுங்கிடும். அதை நிஜக் கத்தியாக்கறது நெருப்பும் எண்ணெயும்தான்.

புதுசா செய்யறவங்களுக்கு 1084 உருக்கு நல்லது. அதுல சுமார் 0.84 சதவீதம் கரி, மத்த கலப்பு குறைவு. அதனால சின்ன உலையிலேயே வழிக்கு வரும். துரு ஏறாத ஸ்டீல்னா பெரும்பாலும் 1000 டிகிரிக்கு மேல சூட்டை நிறுத்தி வைக்கணும். அந்த ஆசை இப்ப வேண்டாம்.

கத்தி சிவக்கச் சிவக்க காந்தத்தால தொட்டுப் பாருங்க. ஒரு கட்டத்துல ஒட்டாது. உள்ளே அணுக்களோட அடுக்கு மாறி, கரி கரைய ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஏத்தி, சுமார் 815 டிகிரி செல்சியஸ் வந்ததும் எண்ணெயில முக்குங்க. கனோலா எண்ணெய் போதும், முன்னாடியே 50 - 55 டிகிரிக்குச் சுட வச்சிருக்கணும். நேரா இறக்குங்க, பக்கவாட்டுல ஆட்டினா கோணிடும். விளிம்பை 1 மி.மீ. கனமா விடச் சொன்னதும் இதுக்குத்தான். இதையெல்லாம் வெளியில வச்சு, இரும்பு டப்பாவுல செய்யுங்க. மூடி கைக்கெட்டற தூரத்துல இருக்கணும். எண்ணெய் தீப்பிடிச்சா மூடிடுங்க, தண்ணி ஊத்தவே கூடாது!

அரத்தை வச்சு இழுத்தா வழுக்குதா? சந்தோஷம். ஆனா பாதிப் பேர் இங்கயே கொண்டாடிடறாங்க. இப்ப கத்தி கண்ணாடி மாதிரி. கடினம் ராக்வெல் கணக்குல 65 பக்கம் இருக்கும், கீழே விழுந்தா உடைஞ்சாலும் உடையும். அதனால எண்ணெய் போகக் கழுவிட்டு, உடனே ஓவன்ல 200 டிகிரியில 2 மணி நேரம். ஆற விட்டு, இன்னொரு 2 மணி நேரம். (ரூம்மேட்டோட பீட்சா உள்ளே இருந்தா முதல்ல எடுத்துடுங்க :-)) ஓவன் முள்ளை நம்பாம தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க. வைக்கோல் நிறம் வந்தா சரி, கடினம் 60 பக்கம் இறங்கியிருக்கும். அந்த அஞ்சை விட்டுக்கொடுத்துத்தான் உடையாத உறுதியை வாங்கறோம்.

நம்மூர்ல பாகுக்கும் பதம், கத்திக்கும் பதம்னு ஒரே சொல்லை வச்சது சும்மா இல்லை. ரெண்டுலயும் எங்க நிறுத்தறோம்ங்கறதுதான் விஷயம்.

கடைசியா, கூர் பிடிக்கிறப்ப அடிக்கடி தண்ணியில நனைங்க. விளிம்புல நீலம் ஏறிட்டா அந்த இடத்துல பதம் போச்சு.

அடுத்தது கைப்பிடி.