வளையலுக்கு அளவு உண்டு, அங்குஸ்தானுக்கு ஏன் இல்லை?

சேலைக்கு ஃபால்ஸ் தைத்துத் தரும் பெண்கள் திருச்சியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எடமலைப்பட்டி புதூரும் அப்படித்தான். சமையல் முடிந்து வீடு ஓய்ந்த மத்தியானத்தில், வாசல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து, சேலையை மடியில் விரித்துக்கொள்வார்கள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, எம்மிங் செய்வது எல்லாம் இவர்கள் கைக்கு வருகிற வேலைகள். தையல் கடையில் மெஷின் ஓட்டி முடித்த துணி, இவர்கள் ஊசி பட்ட பிறகுதான் உடுத்தும் உடையாகிறது.

அவர்களுடைய நடுவிரலைப் பார்த்தால் வேலையின் கணக்கு தெரியும். நகத்தை ஒட்டித் தோல் காய்த்திருக்கும். அந்தக் காய்ப்பின் மேல் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளிகள் இருக்கும். குத்தியது ஊசியின் முனை அல்ல, காதுப் பக்கம். துணிக்குள் ஊசியைத் தள்ளும்போது காது விரலைத் திருப்பிக் குத்துகிறது. தீபாவளி நெருங்கி வேலை குவிந்தால் விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு தைப்பார்கள்.

ஒரு ஃபால்ஸ் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம். இரண்டு விளிம்பையும் கையால் தைத்தால் ஐந்து மீட்டர். அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே சேலைக்கு 1,000 முறை ஊசியைத் தள்ள வேண்டும். பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையில் ஊசி இறங்க இன்னும் கூடுதல் அழுத்தம் தேவை.

இந்தக் குத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு கருவி காலங்காலமாக இருக்கிறது. விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான். “ஏம்மா, அதைப் போட்டுக்கொண்டு தைக்கக் கூடாதா?” என்று கேட்டால், “கழன்று கழன்று விழுது”, “வேர்த்து வழுக்குது”, “அதைப் போட்டால் கை ஓடவே மாட்டேங்குது” என்றுதான் பதில் வரும். பழக்கமில்லாததால் சொல்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடையில் கிடைக்கிற அங்குஸ்தான் அவர்கள் விரலுக்குச் செய்யப்பட்டதே அல்ல.

தெப்பக்குளத்தைச் சுற்றியும் பெரிய கடைவீதியிலும் நூல்கண்டு, பட்டன், லேஸ் விற்கும் கடைகளில் ஒரு டப்பா நிறைய அங்குஸ்தான் கொட்டிக் கிடக்கும். பெரும்பாலும் மெல்லிய தகடு, ஒரே அச்சு. சின்னதாக வேண்டும் என்றால், “எல்லாம் ஒரே சைஸ்தாங்க்கா” என்பார்கள். நாலு கடை தள்ளி வளையல் கடைக்குப் போனால் கதையே வேறு. கையைப் பார்த்த மாத்திரத்தில் 2.4 எடுக்கலாமா, 2.6 எடுக்கலாமா என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். அதற்கும் 2.6-க்கும் வித்தியாசம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிற வளையலுக்கு இத்தனை நுணுக்கம் பார்க்கும் கடைவீதி, நாள் முழுக்க உழைக்கிற விரலை ஏன் கண்டுகொள்ளவில்லை?

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1839-ல் தொடங்கிய சைமன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் அங்குஸ்தானை அளவு எண் போட்டுத்தான் விற்கிறது. வெள்ளி அங்குஸ்தானை ஊசி துளைத்துவிடுகிறது என்ற குறையைத் தீர்க்க, இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் ஹார்னர் இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே எஃகை வைத்து 1884-ல் காப்புரிமை பெற்றார். ஜப்பானியர்கள் தொப்பி வடிவத்தையே விட்டுவிட்டு, நடுவிரலின் கணுக்களுக்கு இடையே மோதிரம்போல் தோல் பட்டை போட்டுத் தைக்கிறார்கள். கோட்டு தைக்கும் தையற்காரர்களுடைய அங்குஸ்தானுக்குத் தலைப்பக்கம் திறந்திருக்கும். அவர்கள் ஊசியை விரல்நுனியால் தள்ளாமல் விரலின் பக்கவாட்டால் தள்ளுகிறார்கள். நகம் வளர்த்தவர்களுக்கும் விரல் அதிகம் வேர்ப்பவர்களுக்கும் இந்தத் திறந்த வகைதான் தோது. திருச்சி வெயிலுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியதும் இதுவே.

துணி அடுக்கு கூடக் கூட அங்குஸ்தான் இல்லாமல் முடியாது. ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரில் தொங்கும் தொம்பைகள் துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைக்கப்படுபவை. வட கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை அடுக்கி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய் ‘கவந்தி’ போர்வை செய்கிறார்கள். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை நம் வீடுகளுக்கும் புதிதல்ல. நாலு மடிப்புக்குள் ஊசி இறக்கிய எவருக்கும் வெறும் விரலின் வலி தெரியும்.

பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது எளிதுதான். வெயிலில் விரல் சற்று உப்பும் என்பதால் காலையில் அளக்காமல் மாலையில் அளக்க வேண்டும். நகத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நூல் 50 மில்லிமீட்டர் என்றால் வேண்டியது சுமார் 16 மில்லிமீட்டர் உள்விட்டம். மாட்டிக்கொண்டு கையைக் கீழ்நோக்கி உதறினால் விழக் கூடாது. விரல்நுனி சிவந்து துடிக்கவும் கூடாது. மேலே உள்ள குழிகள் ஊசிக் காது வழுக்காமல் நிற்கும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். விரல் முழு வட்டமல்ல என்பதால், தகடு கொஞ்சம் தளர்ந்திருந்தால் குறடால் பக்கவாட்டில் லேசாக அமுக்கி நீள்வட்டமாக்கலாம். ஏற்கெனவே வாங்கி மூலையில் கிடப்பதைக்கூட இப்படி மீட்டெடுக்கலாம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் தைப்பவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு மெஷின் கொடுக்கும் அரசு, அதோடு மூன்று அளவில் அங்குஸ்தான் கொடுத்தால் செலவு மெஷின் விலையில் ஒரு துளிகூட ஆகாது. தையல் பயிற்சி வகுப்புகளில் மார்பளவு, இடுப்பளவு எடுக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே மாணவியின் நடுவிரலை அளந்துவிட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் ஒரு வாரம் கை மெதுவாகத்தான் போகும். அந்த வாரத்தில் வேகத்தைக் குறை சொல்லாத ஆசிரியர் வேண்டும். கடைக்காரர்கள் அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் சரக்குக்குச் சொல்லும்போது, அங்குஸ்தானுக்கு எதிரே எண்ணிக்கையை மட்டும் எழுதாமல் 15, 16, 17, 18 மில்லிமீட்டர் என்று பிரித்து எழுதட்டும். டப்பாவில் கொட்டாமல், வளையல் அடுக்குவதுபோல அளவுவாரியாக அடுக்கட்டும்.