ஏரிக்கரையில் ஒரு மணி நேரம்

"வெளியில் போய் இயற்கையைப் படம் எடுக்க ஆசை. எந்தக் காமிரா வாங்கலாம்?" என்று திண்டுக்கல் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இதே கேள்வி இன்னும் நாலைந்து கடிதங்களில். சமைக்கக் கற்றுக்கொள்ள நினைக்கிறவள் முதலில் பாத்திரக்கடைக்குப் போவதில்லையே! இப்போது கையில் என்ன இருக்கிறதோ, மொபைல் போனானாலும் சரி, ஒரு வருஷத்துக்கு அது தாராளமாகப் போதும்.

வாங்குவதானால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள், சகோதரி. வெளிப்புறப் படத்துக்கு முக்கால் பங்கு வேலையைச் செய்வது வெயில். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் நமக்கு உகந்தவை. அப்போது வெளிச்சம் சாய்வாக விழுவதால் மரப்பட்டையின் சொரசொரப்பு, தண்ணீரின் சுருக்கம், பறவையின் இறகு எல்லாம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்தால் இலையெல்லாம் பளபளவென்று கண்ணைக் குத்தும். மனிதர் முகத்தில் கண் இருக்கும் இடம் குழியாகிவிடும். அதுவும் நம் ஊரில் சூரியன் மளமளவென்று மேலே ஏறிவிடுகிறான். எட்டு மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம் தீர்ந்து போகிறது.

இங்கேதான் நம் கஷ்டமே இருக்கிறது. ஆறிலிருந்து ஏழரை வரை என்றால் பால், காப்பி, டிபன், டப்பா கட்டுகிற நேரம்! ஆண்பிள்ளைகள் எழுதும் போட்டோ புத்தகங்களில் இந்த அத்தியாயம் மட்டும் இருக்கவே இருக்காது. நான் வாரத்தில் மூன்று நாட்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நாட்களில் மாவு முதல் நாளே அரைத்திருக்கும், சட்னிக்குத் தேங்காய் துருவியிருக்கும். மூத்தவன் காப்பி போடுவான், இவர் இட்லி ஊற்றுவார். "காக்கா, கொக்கைப் பாக்க இவ்ளோ அவசரமா?" என்று அத்தை கேட்டதற்கு, "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார் அத்தே" என்றேன். பொய்யில்லை, சொல்லியிருந்தார்.

நான் போவது செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சாதாரண ஏரிக்குத்தான். நாலு வருஷமாக அதே கரை, அதே மதகு. ஊட்டிக்கும் மூணாறுக்கும் போய் இரண்டு நாளில் ஆயிரம் படம் எடுக்கிறவர்களைவிட, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவளுக்குக் கை சீக்கிரம் பழகும் என்பது என் அபிப்பிராயம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே தள்ளி உதிக்கும். ஆனி, ஆடியில் வடகிழக்கே போய்விடும். நேற்று வரை இருட்டாக இருந்த பனைமரத்தில் இன்று தங்க வெளிச்சம் விழும். தேதி, மணி, எங்கே நின்றேன், படம் எப்படி வந்தது என்று பால் கணக்கு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். எந்தப் புத்தகத்தையும்விட அந்த நோட்டுதான் எனக்கு உபயோகம்.

பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும். ஆகையால் காற்று நம் முதுகில் படுகிற மாதிரி நின்றால், பறவை நம் பக்கம் பார்த்து எழும்பும். அதே சமயம் வெயிலும் நம் முதுகுப் பக்கமே இருந்துவிட்டால் அன்று நமக்கு அதிர்ஷ்டம். பறக்கும்போது எடுக்க, காமிராவில் ஷட்டர் வேகம் விநாடியில் 1000-ல் ஒரு பங்காவது இருக்கட்டும். நின்றுகொண்டு குனிந்து எடுக்காமல், பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். முட்டிவலிக்காரர்கள் ஒரு பழைய மணைப்பலகையைப் பையில் எடுத்துப் போகலாம். நான் அதைத்தான் செய்கிறேன்.

வெள்ளைக் கொக்கை எடுத்தவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "இறகே தெரியலை, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கு!" காரணம் இதுதான். காமிராவுக்கு உலகமே மாநிறம். கறுத்த தண்ணீர் நிறைய இருந்தால், 'அடடா, இருட்டாக இருக்கிறதே' என்று அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் நிற்கிற கொக்கு வெளிறிப் போகும். எனவே வெளிச்சத்தை நாமே ஒரு படி குறைக்க வேண்டும். மொபைலில் என்றால் கொக்கின் மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் சின்னச் சூரியன் படம் வரும்; அதைக் கீழே இழுத்தால் போதும். வெண்மேகமோ சுண்ணாம்படித்த சுவரோ படம் முழுக்க நிறைந்திருந்தால் இதற்கு நேர்மாறு, கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கை கொஞ்சம் பழகியதும் வேடந்தாங்கல் போய் வாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வக்கா என்று மரமெல்லாம் பூத்த மாதிரி இருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் அந்த ஏரி சேர்ந்தது. அங்கே போய்க் கை தட்டிப் பறவையைக் கிளப்பிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டை வெயிலில் காயும், காக்கை கொத்தும். கூட்டருகே போகாதீர்கள், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்துப் பெயர் வாங்கியவர். அவற்றின் சுபாவத்தை வருஷக்கணக்கில் கவனித்துத் தெரிந்துகொண்டவர் அவர்.

இனி வெற்றி என்கிறார்களே, அந்த விஷயம். போன வருஷம் எங்கள் ஊர்க் கடை ஒன்று என் ஏரிப் படத்தைக் கேட்டு வாங்கிக் காலண்டர் போட்டது. கீழே என் கணவர் பெயர்! கேட்டால், "ஸார் எடுத்ததுன்னு நெனச்சோம்மா" என்றார்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமை வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்களே கணவர் பெயரில்தான் வெளிவந்தன. 2011-ல் பத்ம விபூஷண் வாங்கும்போது அவருக்கு 97 வயது. நமக்கு அவ்வளவு காலம் காத்திருக்கப் பொறுமை ஏது? கடையில் மிச்சமிருந்த காலண்டர்களில் என் பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்ட வைத்தேன்.

1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து 'எனக்காக எடுத்துக் கொடு' என்று எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்குப் போய்விடும். ஆகவே சின்ன வேலையானாலும் வெட்கப்படாமல் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

இந்த வருஷம் அதே கடைக்குக் கொக்குப் படம் கொடுத்தேன். ஒரு தடவைதான் அச்சிடலாம், என் பெயர் கட்டாயம், ரூ. 1,500. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிப் போனார்கள். அத்தைக்கு மட்டும் மனத்தாங்கல்: கொக்குக்குப் பதிலாக முருகனைப் போட்டிருக்கலாமாம்!