தானம் வீணாகக் கூடாது!

தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையிலான குழுவினர், நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையை 1994 ஆகஸ்ட் 3-ம் தேதி நிகழ்த்தினர். அந்த நாளே 2023 முதல் இந்திய உறுப்பு தான தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2013-ல் ஐயாயிரத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்று சிகிச்சைகள், 2023-ல் 18 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெருமைப்படத்தக்க வளர்ச்சிதான். ஆனால், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் கதி என்ன என்பது பற்றி அரசு போதிய அக்கறை காட்டவில்லை.

பிறர் உறுப்பை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. கிருமியை எதிர்ப்பதைப் போலவே அதையும் எதிர்த்து அழிக்க முற்படுகிறது. அந்த எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்துகளை, பொருத்தப்பட்ட உறுப்பு இயங்கும் காலம் வரை நாள் தவறாமல் உட்கொண்டாக வேண்டும். 1980-களில் சைக்ளோஸ்போரின் புழக்கத்துக்கு வந்த பிறகே உறுப்பு மாற்று, நம்பகமான சிகிச்சையாயிற்று. இன்று டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் போன்றவை பரவலாகத் தரப்படுகின்றன. இவற்றின் அளவு குறைந்தால் உறுப்பு பழுதாகும்; கூடினால் தொற்றுநோய் தாக்கும். எனவே ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

இதற்கெல்லாம் மாதந்தோறும் பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. ஆனால், வீடு திரும்பிய பிறகான செலவுகளை அத்திட்டம் பொதுவாக 15 நாள்களுக்கு மட்டுமே ஏற்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின் கீழ் மருந்துக்காக மாதம் ரூ. 10,000 வரை உதவி பெற வழியுண்டு. சிகிச்சைக்காக நிலத்தை விற்று, நகையை அடகு வைத்த கீழ்நடுத்தரக் குடும்பத்தினர் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதாலேயே விடுபட்டுப் போகிறார்கள். பணமில்லாத மாதத்தில் மாத்திரையைக் குறைத்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி ஏது?

அப்படிக் குறைத்ததால் சிறுநீரகம் செயலிழந்தால், நோயாளி மீண்டும் டயாலிசிஸுக்கே திரும்ப வேண்டும். ஏழைகளின் டயாலிசிஸ் செலவை, 2016-ல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் மூலம் அரசே ஏற்கிறது. டயாலிசிஸுக்குச் செலவிடும் அரசு, அதைத் தவிர்க்க உதவும் மருந்துக்குச் செலவிடத் தயங்குவது என்ன கணக்கு? அமெரிக்காவும் இதே தவறைச் செய்தது. சிறுநீரகம் பெற்ற பலருக்கு அந்நாட்டின் மெடிகேர் திட்டம் 36 மாதங்களோடு மருந்து உதவியை நிறுத்திவந்தது. 2020-ல் சட்டம் திருத்தப்பட்டு, வேறு காப்பீடு இல்லாதவர்களுக்கு 2023 ஜனவரி முதல் அந்த உதவிக்கான கால வரம்பு நீக்கப்பட்டது.

அரசுத் திட்டங்களின் கீழ் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இம்மருந்துகளைத் தொடர்ந்து இலவசமாக வழங்குவதில் தமிழகமும் தெலங்கானாவும் வழிகாட்டியுள்ளன. உயிர் வாழ்வதற்கான மருந்து, ஒருவர் பிறந்த மாநிலத்தைப் பொருத்து அமையலாகாது. உறுப்பு பெறப் பதிவு செய்வதற்கு மாநில வசிப்பிடச் சான்று தேவையில்லை என்று 2023-ல் அறிவித்த மத்திய அரசு, மருந்து விஷயத்திலும் நாடு முழுவதற்கும் ஒரே கொள்கையை வகுக்க வேண்டும். மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரத்தை உறுதிப்படுத்தி, மாவட்ட அரசு மருத்துவமனைகள் மூலம் இலவசமாக வழங்குவதும், ரத்தப் பரிசோதனை வசதியை அங்கேயே ஏற்படுத்துவதும் இயலாத காரியமல்ல.

தானமாகக் கிடைக்கும் சிறுநீரகங்களில் பெரும்பாலானவை உயிருடன் இருக்கும் உறவினர் தருபவை. தருபவர்களில் தாயும் மனைவியுமே அதிகம். துயரத்தின் நடுவிலும், மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளை முகமறியாதவருக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். தானம் செய்யுங்கள் என்று மக்களிடம் கேட்கும் அரசுக்கு, அந்தத் தானம் மாத்திரை வாங்கக் காசில்லாமல் வீணாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் கடமையும் இருக்கிறது.