வளைவை நறுக்கிவிட்டு விரைவைத் தேடுவதா?

மாழைக் கட்டியைச் செதுக்கி அச்சுகளும் வானூர்தி உறுப்புகளும் ஆக்கித்தரும் கணிப்பொறிவழித் துருவல் எந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் (பட்டறையில் இவற்றைச் ‘சி.என்.சி.’ என்பர்), மின்னோடியின் ஆற்றலையே விரைவுக்கு அளவுகோலாகக் கொள்கின்றனர். விரைவைக் கெடுப்பது பெரும்பாலும் மின்னோடியன்று. வெட்டுளி செல்ல நாம் வகுத்துக் கொடுக்கும் வழியே ஆகும்.

வழி எவ்வாறு வகுக்கப்படுகின்றது? வரைவாளன் திரையில் வரைவது வழவழப்பான வளைவு. அதனை எந்திரத்துக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருளோ, அவ் வளைவைச் சின்னஞ்சிறு நேர்கோடுகளாக நறுக்கிவிடுகின்றது. 50 மி.மீ. ஆரையுள்ள வில்லொன்றை 0.01 மி.மீ.க்கு மேற்படாத பிழையுடன் நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 2 மி.மீ. நீளமிருக்கும். பிழையை நான்கிலொன்றாகக் குறைக்க வேண்டின், துண்டுகளை இருமடங்காக்க வேண்டும். துண்டு 0.1 மி.மீ. ஆகிவிட்டாலோ, நொடிக்கு 100 மி.மீ. விரையும் உளிக்காக நொடிதோறும் 1,000 கட்டளைகளை எந்திரம் படித்துச் செரித்தாக வேண்டும்!

அதனினும் பெருந்தொல்லை, இரு துண்டுகள் கூடும் முனை. அங்கே உளியின் திசை இடைவெளியே இன்றி மாற வேண்டும். எடையுள்ள எப்பொருளும் அவ்வாறு மாறாது. ஆகவே எந்திரம் முனைதோறும் விரைவைத் தணிக்கின்றது. கடந்தபின் மீண்டும் முடுக்குகின்றது. அக் குலுக்கல் மாழையின் முகத்தில் வரிவரியாகப் பதிகின்றது. பின்னர் அதனைத் தேய்த்து மெருகிடும் தொழிலாளியின் கைகளன்றோ அதற்கு ஈடு செய்கின்றன!

முனைகளை வளைவுகளால் மழுக்குவதே இதற்கு மருந்து. ஆயின், வட்ட வில்லொன்றை முனையில் செருகினாற் போதுமென்று எண்ணுவது அரைகுறை அறிவு. நேர்கோட்டில் வளைமை சுழி. வில்லுக்குள் புகுந்தவுடனே அது முழு அளவாகிவிடும். விரைவின் இருமடியை ஆரையால் வகுத்த அளவுக்குப் பக்கவாட்டு முடுக்கம் திடுமெனப் பாயும். இருப்புப்பாதை அமைத்தோர் இதனை முன்பே உணர்ந்து, நேர்ப்பாதைக்கும் வளைபாதைக்கும் நடுவே, வளைமை சிறிது சிறிதாக ஏறும் இடைவளைவை வைத்தனர். உளியின் வழிக்கும் அதுவே முறை.

பண்டு கப்பல் வரைவாளர் மெல்லிய மரச்சிம்பை எடைக்கட்டிகளால் ஊன்றி, அது தானே கொள்ளும் வளைவையே கோடாக வரைந்தனர். ஆங்கிலத்தில் அச் சிம்பின் பெயரே இன்று கணக்கு வளைவுக்கும் ஆயிற்று. நாமும் சிம்புவளைவு என்றே சொல்வோமே! பிரெஞ்சு நாட்டு மகிழுந்து ஆலைகளில், சித்திரோயனில் 1959 முதல் தெ காசுதெல்சோவும், இரெனோவில் 1960களில் பெசியேயும், ஒரு சில புள்ளிகளால் ஆளப்படும் வளைவுகளை வகுத்தனர். முன்னவர் ஆய்வை ஆலை மறைத்து வைத்தது, பின்னவர் வெளியிட்டார். பெயர் பின்னவர்க்கே நின்றது.

60 ஆண்டுகளுக்கு மேலாக வளைவுக் கணக்கு கையிலிருக்க, இன்றும் நறுக்கியே அனுப்புவது ஏன்? 1982இல் வெளியான ஐ.எசு.ஓ. 6983 என்னும் உலகச் செந்தரம், பெரிதும் நேர்கோட்டையும் வட்டவில்லையுமே அடிப்படையாகக் கொண்டது. சிம்புவளைவுக் கட்டளைகளை எந்திர ஆக்குநர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக வைத்துக்கொண்டனர். ஆகவே பட்டறையினர், எல்லார்க்கும் பொதுவான துண்டுக்கோடுகளையே நாடுகின்றனர். எந்திரத்தின் கட்டுப்பாட்டகமோ அத் துண்டுகளை மீண்டும் வளைவாக இணைக்கப் பாடுபடுகின்றது. நல்ல பானையை உடைத்துவிட்டு ஓடுகளை ஒட்டுவதற்கு இத்துணை அறிவா? வளைவை வளைவாகவே கொடுத்தல் வேண்டும் என்பதே என் துணிபு.

வரைவாளன் வேண்டுமென்றே வைத்த கூர்முனை எது, நறுக்கியதால் தோன்றிய முனை எது என்பது ஒட்டுகின்ற கட்டுப்பாட்டகத்துக்குத் தெரியாது. முனையின் கோணத்தையும் துண்டின் நீளத்தையும் கொண்டு உய்த்துணர்கின்றது. அது பிழைத்தால் அச்சின் கூர்விளிம்பு மழுங்கும். முழு வளைவையும் கொடுக்க இயலாத பட்டறையில், மழுக்கலுக்குரிய விலகல் எல்லையை எந்திரம் வாங்கிய நாளில் வைத்தபடியே விட்டுவிடாமல், உருப்படிதோறும் எந்திரத்தை இயக்குபவரே குறித்துக் கொடுத்தல் வேண்டும். முரட்டு வெட்டுக்கு அதனைத் தளர்த்தலாம். இறுதி வெட்டுக்கு இறுக்க வேண்டும்.